சாப்பாட்டுக்கு முன்பணம்: டிஸ்னி திட்டம் உங்கள் குடும்பத்துக்குக் கட்டுபடியாகுமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். மார்ச் பள்ளி விடுமுறையில் ஐந்து இரவுகள் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு போகிறோம். நான், கணவர், 11 வயது மகன், 6 வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் என ஐந்து பேர். மாமியார் சுத்த சைவம். தங்குவது டிஸ்னி ஹோட்டலில். அறையோடு சாப்பாட்டுத் திட்டத்தையும் சேர்த்து வாங்கிவிட்டால் அங்கே போய் பர்ஸையே தொட வேண்டாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கணவர் பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

2005-ல் தொடங்கிய இந்தத் திட்டம் 2020-ல் கொரோனாவோடு நின்றுபோய், 2024 ஜனவரியில் திரும்ப வந்தது. இரண்டு வகை உண்டு. சின்னத் திட்டத்தில் தங்கும் ஓர் இரவுக்கு ஆளுக்கு இரண்டு கவுன்டர் சாப்பாடு, ஒரு நொறுக்குத்தீனி. பெரிய திட்டத்தில் ஒரு கவுன்டர் சாப்பாட்டுக்குப் பதிலாக, மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் வேளை ஒன்று. திரும்ப வந்தபோது இரவுக்கு இருந்த விலை: சின்னத் திட்டம் பெரியவருக்கு 57.01 டாலர், குழந்தைக்கு 23.83. பெரிய திட்டம் பெரியவருக்கு 94.28, குழந்தைக்கு 29.69. இப்போது கொஞ்சம் ஏறியிருக்கிறது. நான் இந்த விலையிலேயே கணக்குப் போடுகிறேன், உங்களுக்கு வந்த விலையை நீங்கள் பொருத்திக்கொள்ளுங்கள்.

இங்கே குழந்தை என்றால் 3 முதல் 9 வயது வரைதான். உங்கள் மகன் டிஸ்னி கணக்கில் பெரியவர். அவன் பாஸ்தாவைப் பாதி தின்றுவிட்டு எழுந்து போனாலும் இரவுக்கு 94 டாலர். இன்னொன்று, அறையில் இருக்கும் 3 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சேர்த்துத்தான் திட்டம் வாங்க முடியும். மாமியாரை மட்டும் விட்டுவிட்டு வாங்க வழியில்லை.

இப்போது விலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நொறுக்குத்தீனிக்கு 7 டாலர் என்று வைத்துக்கொண்டால், சின்னத் திட்டத்தில் பெரியவரின் ஒரு கவுன்டர் சாப்பாடு 25 டாலருக்கு வருகிறது. கவுன்டரில் ஒரு சாப்பாடும் குளிர்பானமும் வரியோடு சாதாரணமாக 19, 20 டாலர்தான் ஆகும். 25-ஐத் தொட வேண்டுமென்றால் 21 வயதானவர்கள் பானமாக பீரோ வைனோ எடுக்க வேண்டும், திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. குடிக்காத குடும்பத்துக்கு அந்த லாபம் கிடையாது. பெரிய திட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடும் வேளை இதே கணக்கில் பெரியவருக்குச் சுமார் 62 டாலர். மிக்கி வந்து தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பஃபே விருந்துகளின் விலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சாதாரண உணவகத்தில் சைவ உணவு அதைவிடக் குறைவு. மாமியார் அங்கே ஸ்டேக் சாப்பிடப் போவதில்லையே.

குழந்தைக் கணக்கு அப்படியே தலைகீழ். உட்கார்ந்து சாப்பிடும் வேளை சுமார் 14 டாலருக்கு வந்து விழுகிறது. அதே பஃபேயில் குழந்தைக்குத் தனியாகக் கொடுத்தால் 40 டாலரைத் தாண்டும். ஆறு வயது மகளுக்கு மட்டும் பார்த்தால் அருமையான பேரம். தூண்டிலில் புழு குழந்தை விலை, முள் பெரியவர் விலை. உங்கள் வீட்டில் ஒரு புழுவுக்கு நான்கு முள்.

ஐந்து இரவுக்குப் பெரிய திட்டம்: நான்கு பெரியவர், ஒரு குழந்தை, மொத்தம் 2,034 டாலர். இதில் டிப்ஸ் கிடையாது, அதைக் கையிலிருந்துதான் வைக்க வேண்டும். ஐந்து பேர் பஃபே சாப்பிட்டால் 18 சதவீதம் என்பதே 55 டாலர் பக்கம் வரும். ஐந்து வேளைக்கு 275. ஆக 2,309.

திட்டம் இல்லாமல் உங்கள் குடும்பம் எப்படிச் சாப்பிடும்? நான் ஊகிக்கிறேன், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். மிக்கி விருந்து இரண்டு வேளை, வரியோடு 650. மீதி எட்டு வேளை கவுன்டரில், வேளைக்கு 85 வீதம் 680. நொறுக்குத்தீனிக்கு 150. இரண்டு டிப்ஸுக்கு 110. கூட்டினால் 1,590. எழுநூறு டாலருக்கு மேல் மிச்சம். காலைச் சாப்பாடு இரண்டு பக்கமும் தனி.

சின்னத் திட்டம் 1,259-தான், பார்க்க மலிவாகத் தெரியும். ஆனால் அதே பத்துக் கவுன்டர் வேளையும் நொறுக்குத்தீனியும் நீங்களே வாங்கினால் ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, திட்டம் உங்கள் நாளை எப்படி மாற்றுகிறது என்பது. முன்பணம் கொடுத்தாயிற்று, விடக்கூடாது என்று தினமும் ஒன்றரை மணி நேரம் உணவகத்தில் உட்கார்வீர்கள். அந்த நேரமும் பூங்கா டிக்கெட் காசுதான், டிக்கெட் ஒரு நாளைக்கு ஆளுக்கு 100 டாலருக்கு மேல். மகள் சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் சாப்பிட ஆசைப்பட்டால் அங்கே ஒரே வேளைக்கு இரண்டு வேளைக் கணக்கு கழியும். பயன்படுத்தாமல் விட்டது கிளம்பும் நாள் நள்ளிரவோடு காலாவதி, பணம் திரும்ப வராது. பல வருடம் முன்பு வேறொரு பூங்காவில் இப்படி ஒரு திட்டம் வாங்கி, கடைசி இரவு ஒன்பது நொறுக்குத்தீனிக் கூப்பனோடு மிட்டாய்க் கடையில் நின்றவன் நான். அந்த மிட்டாய் தீபாவளி வரை வீட்டில் கிடந்தது.

'இலவசம்' என்று விளம்பரம் வந்தால் இன்னும் கவனம் தேவை. 2026 பயணங்களுக்கு 3 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்குத் திட்டம் இலவசம் என்று டிஸ்னி அறிவித்தது. பெரியவர்கள் அறை, டிக்கெட், சாப்பாட்டுத் திட்டம் எல்லாம் சேர்ந்த தொகுப்பைத் தள்ளுபடி இல்லாமல் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்களுக்கு அதில் மிஞ்சுவது மகளின் 148 டாலர். இரவுக்கு 250 டாலர் அறையில் 20 சதவீதத் தள்ளுபடி கிடைத்தால் ஐந்து இரவில் 250 மிச்சமாகும், அதைக் கைவிட்டுவிட்டு இதை வாங்குவதில் அர்த்தமில்லை. உங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், மூவரும் ஒன்பது வயதுக்குள், அப்பா அம்மா இருவரும் வைன் பிரியர்கள், தினம் ஒரு மிக்கி விருந்து என்றிருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேன்.

சரி, கணவரின் நியாயம். விடுமுறையில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் விலை பார்த்து மனசு கசங்க வேண்டாம் என்கிறார். அதற்கு டிஸ்னி கிஃப்ட் கார்டு போதும். டார்கெட் கடையின் சொந்த அட்டை உங்களிடம் இருந்தால் அதற்கு 5 சதவீதம் தள்ளுபடி. 1,500 டாலருக்கு வாங்கினால் 75 மிச்சம். சாப்பிட்டு மீந்தால் பொம்மைக் கடையிலும் செல்லும், காலாவதி கிடையாது. கார்டு எண்களை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்காக ஒரு வார்த்தை. பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. புளியோதரையும் சப்பாத்திச் சுருளும் தாராளமாகப் போகும். அறையில் குட்டி ஃப்ரிட்ஜ் இருக்கும், கடையில் தயிர் வாங்கி வைத்துவிடுங்கள். குளிர்பானம் விற்கும் கவுன்டர்களில் ஐஸ் தண்ணீர் இலவசம், கேட்டால் கோப்பையில் தருவார்கள். ஒரு நாள் டிஸ்னியின் அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் இருக்கும் சனா உணவகத்துக்குப் போங்கள். நான் ரொட்டி வகைகளும் ஒன்பது தொட்டுக்கொள்ளும் ஐட்டங்களும் வரும், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி நடக்கும்.

அந்த இரண்டு மிக்கி விருந்துக்கும் திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன்பதிவு வேண்டும். நீங்கள் ஹோட்டலுக்குப் போய்ச் சேரும் நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குவதால் முழுப் பயணத்துக்கும் அன்றே போட்டுவிடலாம். கிழக்கு நேரம் காலை 6 மணி, உங்களுக்கு 5. அந்த அலாரத்தைக் கணவர் போனில் வையுங்கள்.