ஸ்விட்ச்சில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட்: ஆளுக்கொரு அனுமதி கொடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஐந்து சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்கள் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டிகள்). நாலு பேர் பார்க்கிறோம், நாலு பேரும் ஒரே பாஸ்வேர்ட்டால்தான் உள்ளே போகிறோம். புதிதாக வந்த பயிலுநருக்குக் குறைந்த அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும். லொகினையும் இறுக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்:

நான் மட்டக்களப்பில் இருக்கிறேன். வாழைச்சேனையில் இருந்து கல்முனை வரை ஹோட்டல், கடை, சின்ன அலுவலகம் என்று நெட்வொர்க் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்லும் நிலைமையைத்தான் போகிற இடமெல்லாம் பார்க்கிறேன். என்னைக் கேட்டால் லெவல், அதாவது அனுமதிப் படி எல்லாம் பிறகு. முதல் வேலை, ஆளுக்கொரு யூசர்நேம்.

ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது அப்படி. ஒரு சனிக்கிழமை பின்னேரம் பில் போடும் கணினி நின்றுவிட்டது, கமராக்களும் இல்லை, புதிதாகப் போட்ட வைஃபை மட்டும் ஓடுகிறது என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், மேல் ஸ்விட்ச்சுக்குப் போகும் ட்ரங்க் போர்ட்டில் (பல விலான்களை ஒன்றாகக் கொண்டுபோகும் இணைப்பு; விலான் என்பது ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) விலான் 30 மட்டும்தான் இருந்தது. யாரோ 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் ஆட் 30' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'ஆட்' என்பதை விட்டிருக்கிறார். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் ஏற்கெனவே இருந்த பட்டியல் முழுவதும் போய், 30 மட்டும் மிஞ்சும். திருத்த ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

யார் செய்தது என்று ஸ்விட்ச் எழுதி வைக்கும் பதிவை, அதாவது லொக்கைப் பார்த்தேன். 'கொன்ஃபிகர்ட் ஃப்ரொம் கொன்சோல் பை விடிவை0', பக்கத்தில் ஓர் ஐபி முகவரி. விடிவை என்றால் நெட்வொர்க் வழியாக ஸ்விட்ச்சுக்குள் வரும் வழி. அவ்வளவுதான். அந்த ஐபி கணக்குப் பிரிவில் எல்லோரும் பாவிக்கிற கணினி. பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் ஐந்து பேர். முகாமையாளரின் கண் நேரே போனது அங்கே பயிற்சிக்கு வந்திருந்த பொடியனிடம்தான். "நான் தொடவே இல்ல அண்ணன்" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னான். அவனுக்காகக் காட்ட என் கையில் ஒரு வரி கூட இருக்கவில்லை. பத்து நாள் கழித்துத்தான், கமரா வேலைக்கு வரும் வெளி ஆள் தூரத்தில் இருந்தபடி அந்தக் கணினிக்குள் நுழைந்து செய்தது என்று அவர் வாயாலேயே தெரியவந்தது. அதற்குள் பொடியன் வேலையை விட்டுப் போய்விட்டான். யூசர்நேம் போட்டு உள்ளே போகும் முறை இருந்திருந்தால் அதே லொக் வரியில் 'பை' என்பதற்குப் பிறகு ஆளின் பெயர் விழுந்திருக்கும். இன்றைக்கும் அது என் மனதை விட்டுப் போகவில்லை.

சரி, செய்யும் விதம். 'யூசர்நேம்' கட்டளையில் பெயர், 'பிரிவிலேஜ்' என்று லெவல், பிறகு 'சீக்ரெட்' என்று பாஸ்வேர்ட். 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லைப் போடாதீர்கள், 'சீக்ரெட்' தான் வேண்டும். 'சர்வீஸ் பாஸ்வேர்ட்-என்கிரிப்ஷன்' போட்டால் வருவது டைப் 7. பார்ப்பதற்கு மறைத்தது போல இருக்கும், ஆனால் இணையத்தில் ஒட்டினால் ஒரு நொடியில் அவிழ்ந்துவிடும். சீக்ரெட் என்றால் பழைய ஐஓஎஸ்ஸில் (சிஸ்கோ ஸ்விட்ச்சின் மென்பொருள்) எம்டி5, அதாவது டைப் 5. புதியதில் டைப் 8, டைப் 9 கிடைக்கும், இருந்தால் 9ஐ எடுங்கள். பிறகு 'லைன் விடிவை'யில் 'லொகின் லோக்கல்', அதாவது ஸ்விட்ச்சில் எழுதிய யூசர்நேமைக் கேள் என்பது. இதை 0 முதல் 4 வரையான வழிகளுக்கு மட்டும் போட்டுவிட்டு 5 முதல் 15 வரையை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். இப்போது ஓடும் கொன்ஃபிக்கைக் காட்டும் ஷோ ரன்னில் இரண்டும் தனித்தனிப் பகுதியாக நிற்கும், இரண்டையும் பாருங்கள். கொன்சோலுக்கும் (ஸ்விட்ச்சில் நேரே கேபிள் செருகி உள்ளே போகும் வழி) அதே 'லொகின் லோக்கல்' வேண்டும்.

இப்போது லெவல். 0 முதல் 15 வரை இருக்கிறது. 1 சாதாரணப் பார்வை, 15 முழு அதிகாரம், 2 முதல் 14 வரை நாமே நிரப்ப வேண்டிய வெற்று இடம். ஒரு லெவலில் இருப்பவருக்கு அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தானாகக் கிடைக்கும். உங்கள் பயிலுநருக்கு முதல் மாதங்களில் லெவல் 1 போதும் என்பது என் எண்ணம். எந்த போர்ட் எழும்பி இருக்கிறது, எந்த மெக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள வன்பொருள் முகவரி) எங்கே இருக்கிறது, விலான் பட்டியல் என்ன என்பதையெல்லாம் அங்கிருந்தே பார்க்கலாம், பிங்கும் செய்யலாம். போர்ட்டை மூடித் திறக்கவும் விட வேண்டுமென்றால் லெவல் 7 மாதிரி ஒன்றை எடுத்து, 'பிரிவிலேஜ் எக்ஸெக் லெவல் 7 கொன்ஃபிகர் டெர்மினல்', பிறகு அதே மாதிரி கொன்ஃபிகர் மோடில் 'இன்டர்ஃபேஸ்', இன்டர்ஃபேஸ் மோடில் 'ஷட்டவுன்' என்று ஒவ்வொன்றாக இறக்க வேண்டும்.

இதில் மூன்று இடங்களில் கால் இடறும். லெவல் 7 காரர் இந்த போர்ட்டை மட்டும்தான் மூடலாம் என்று லெவலால் வரம்பு போட முடியாது, ட்ரங்க் போர்ட்டையும் அவர் மூடலாம். கட்டளை கட்டளையாக அனுமதி பார்க்க வேண்டுமென்றால் டக்கக்ஸ் பிளஸ் சர்வர் (யாருக்கு எந்தக் கட்டளை என்று ஓரிடத்தில் இருந்து தீர்மானிக்கும் கணினி) வேண்டும், ஐந்து ஸ்விட்ச்சுக்கு அது உங்களுக்கு இப்போதைக்குத் தேவைப்படாது. இரண்டாவது, 'ஷோ ரன்னிங்-கொன்ஃபிக்'கை கீழ் லெவலுக்கு இறக்கினாலும், அவருக்கு மாற்ற அனுமதியுள்ள வரிகள்தான் தெரியும். பாதி வெறுமையாக வரும், கொன்ஃபிக் அழிந்துவிட்டது என்று பதறாதீர்கள். மூன்றாவது, லொகினையும் அனுமதியையும் ஒரே முறையில் நடத்தும் 'ஏஏஏ நியூ-மொடல்' போட்டால் 'ஏஏஏ ஓதரைசேஷன் எக்ஸெக் டிஃபோல்ட் லோக்கல்' என்பதும் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் யூசர்நேமில் எழுதிய லெவலை ஸ்விட்ச் கணக்கில் எடுக்காது. முழு அதிகாரத்துக்கு ஏறும் பாஸ்வேர்ட்டான எனேபிள் சீக்ரெட்டைப் பயிலுநருக்குச் சொல்லக்கூடாது என்பதை நான் எழுதத் தேவையில்லை, அது தெரிந்தால் லெவல் 1இல் இருந்தே 15க்குப் போய்விடலாம்.

லொகினை இறுக்குவதில் முதலாவது டெல்நெட்டை, அதாவது தூரத்தில் இருந்து உள்ளே வரும் பழைய முறையை மூடுவது. அதே ஹோட்டலில் வரவேற்புச் சோபாவில் இருந்தபடி, விருந்தினர் வைஃபையில் என் போனை இணைத்து, ஸ்விட்ச்சின் முகவரிக்கு டெல்நெட் அடித்தேன். 'பாஸ்வேர்ட்:' என்று கேட்டு நின்றது. கடற்கரைக்கு வந்த எவரும் தட்டக்கூடிய கதவு அது. அதைவிட, டெல்நெட்டில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்ட் எழுத்தெழுத்தாக அப்படியே கம்பியில் போகும், இடையில் வயர்ஷார்க் (நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர் வாசிக்கலாம். ஆகவே ஹோஸ்ட்நேமும் டொமைன் பெயரும் வைத்து, 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி உருவாக்கி, அதே வேலையை மறைகுறியாக்கிச் செய்யும் எஸ்எஸ்எச் வெர்ஷன் 2 போட்டு, விடிவையில் 'டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்'. கூடவே ஒரு அக்செஸ் லிஸ்ட் எழுதி, நிர்வாகக் கணினிகளைத் தவிர மற்றவர்களை 'அக்செஸ்-கிளாஸ்' மூலம் வெளியே நிறுத்துங்கள். சும்மா இருப்பவரை வெளியேற்றும் 'எக்ஸெக்-டைம்அவுட்' 5 நிமிடம். எங்கேயாவது '0 0' என்று இருந்தால் உடனே எடுங்கள், அதற்கு அர்த்தம் ஒருபோதும் வெளியேற்றாதே என்பது.

'லொகின் ப்ளொக்-ஃபோர் 120 அட்டெம்ப்ட்ஸ் 3 விதின் 60' என்றால் 60 நொடிக்குள் மூன்று தரம் பாஸ்வேர்ட்டைப் பிழையாக அடித்தால் 120 நொடி நெட்வொர்க் வழியாக யாரும் உள்ளே வர முடியாது. யாரும் என்றால் நீங்களும்தான். உங்கள் நிர்வாக முகவரியை 'குவையட்-மோட் அக்செஸ்-கிளாஸ்'ஸில் சேர்த்துவிட்டால் உங்களுக்கு மட்டும் வழி திறந்திருக்கும்.

தூரத்தில் இருந்து இதையெல்லாம் மாற்றுவதென்றால், தொடங்கும் முன் 'ரீலோட் இன் 10' அடியுங்கள். எதையாவது பிழையாகச் செய்து வெளியே பூட்டப்பட்டாலும் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் பழைய கொன்ஃபிக்கோடு எழும்பும். இன்னொரு ஜன்னலில் புது யூசர்நேமால் உள்ளே வந்து பார்த்த பிறகுதான் 'ரீலோட் கேன்சல்', பிறகு மாற்றத்தைச் சேமிக்க 'ரைட்'. ரைட் அடிக்க மறந்து, அடுத்த கரண்ட் வெட்டில் செய்த வேலை முழுவதும் போனதை எங்கள் பக்கத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஸ்விட்ச்களை வைக்கும் ராக்கின் கதவு. 2960 மாதிரி ஸ்விட்ச்சில் மோட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுத்தால், கொன்ஃபிக் கோப்பின் பெயரை மாற்றி பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே போகலாம். அந்த ஹோட்டலில் ராக் துணி அலுமாரிக்குப் பக்கத்தில், சாவியோடு திறந்தே கிடந்தது. இப்போது சாவி முகாமையாளரிடம் இருக்கிறது. ஸ்விட்ச்சில் ஆறு யூசர்நேம்கள். கமராக்காரருக்கும் ஒன்று, லெவல் 1.