உள்நுழைவுத் திரையில் ஒரு புள்ளி கூடினால் என்ன?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்ட அலுவலகங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் கணினிகளைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், உள்நுழைவுத் திரையில் தென்படும் சிறு முரண்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

செம்பனைத் தோட்ட அலுவலகக் கிராணி: ஐயா, நேற்றுக் காலை எட்டேகாலுக்கு எங்கள் லினக்ஸ் சேவையகத்தில் நுழைந்தேன். இன்று அது, நான் கடைசியாக நுழைந்தது நள்ளிரவு 12:15 என்று காட்டுகிறது. வேறு யாரேனும் நுழைந்திருப்பார்களா?

வித்தியாசம் மிகச் சரியாக எட்டு மணி நேரமாக இருப்பதால், அது உங்கள் நுழைவாகவே இருக்க வேண்டும். சேவையகம் உலகப் பொது நேரத்தைக் காட்டுகிறது; தீபகற்ப மலேசியாவோ 1982 ஜனவரி 1 முதல் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. நேர மண்டலத்தைக் கோலாலம்பூர் என்று மாற்றினால் போதும். அதை விட்டுக் கடிகாரத்தையே கையால் தள்ளி வைத்துவிடாதீர்கள்; கைப்பேசியில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் உள்நுழைவுக் குறியெண்கள் உலகப் பொது நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுவதால், பிறகு அவை ஏற்கப்படமாட்டா.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: எங்கள் கணினி அறையில் சில இயந்திரங்கள் ‘லாக் ஆஃப்’ என்கின்றன, சில ‘சைன் அவுட்’ என்கின்றன. மாணவர்கள் குழம்புகிறார்கள்.

இரண்டும் ஒரே செயல்தான். விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்ட் சொல்லை மாற்றியது. பழைய சொல்லைக் காட்டுபவை விண்டோஸ் 7 இயந்திரங்களாக இருந்தால், அதற்கான பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன என்பதற்கே நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும்.

தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்: லினக்ஸ் கணினியின் முன் அமர்ந்து நுழைந்தால் வரவேற்பு வரியில் கணினியின் பெயர் வருகிறது. வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு முறை வழியாக நுழைந்தால் அதே இடத்தில் பின்சாய்கோடும் ஓர் எழுத்தும் மட்டுமே தெரிகின்றன. ஏன், ஐயா?

கோப்பு ஒன்று, அதைப் படித்துக் காட்டும் நிரல்கள் இரண்டு. கணினியின் முன் அமரும்போது, வரவேற்பு வரி இருக்கும் ‘இஷ்யூ’ கோப்பை ‘கெட்டி’ என்ற நிரல் படித்து, பின்சாய்கோடும் எழுத்தும் சேர்ந்த அந்தக் குறியை நீக்கிப் பெயரை இட்டு நிரப்புகிறது; எஸ்எஸ்எச் சேவையோ உள்ளதை உள்ளபடியே அனுப்பிவிடும். எஸ்எஸ்எச் சேவைக்குக் குறிகள் இல்லாத தனிக் கோப்பை அமைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுறவுக் கழகச் செயலாளர்: எங்கள் உறுப்பினர் தளத்தில் இல்லாத உறுப்பினர் எண்ணை இட்டால் ‘விவரம் தவறு’ என்று வருகிறது. இருக்கும் எண்ணுடன் தவறான கடவுச்சொல்லை இட்டால் அதே வாசகம் முற்றுப்புள்ளியுடன் வருகிறது. நிரலர் இதை அவசரமில்லாத அழகுக் குறை என்கிறார்.

அவசரம் உண்டு. வந்த கேள்விகளிலேயே உடனே திருத்த வேண்டியது இதுதான். எந்த விவரம் தவறு என்று வெளியாருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் இரு நிலைக்கும் ஒரே வாசகத்தை வைக்கிறார்கள். உங்கள் நிரலர் அதை இரண்டு இடங்களில் தனித்தனியாகத் தட்டச்சு செய்திருக்கிறார் போலும். ஆயிரக்கணக்கான எண்களை நிரல் வைத்து முயல்பவன் வாசகத்தைப் படிப்பதில்லை, பதிலின் நீளத்தை ஒப்பிடுகிறான். அந்த ஒரு புள்ளியே அவனுக்கு உறுப்பினர் பட்டியலைத் தந்துவிடும். வாசகத்தை ஓரிடத்தில் மட்டும் வைத்து இரு நிலையிலும் அதையே அழைக்கச் சொல்லுங்கள். எண் இல்லாதபோது கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கணக்கீட்டையே நிரல் தவிர்த்தால் பதில் சற்று முன்னதாக வந்து அதே செய்தியைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், அங்கும் ஒப்புக்கு ஒரு கணக்கீடு நடக்க வேண்டும். கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கான பக்கத்தையும் சோதியுங்கள். முன்வாசலை அடைத்த பலர் அதை மறந்துவிடுகிறார்கள். எஸ்எஸ்எச் நுழைவுக்கு உலகமே நம்பும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சில்கூட, பயனர் பெயர் இருப்பதையும் இல்லாததையும் பதிலின் வேறுபாட்டால் கண்டுகொள்ளக்கூடிய ஓட்டை 2018-இல் வெளிவந்து, 7.8 பதிப்பில் அடைக்கப்பட்டது.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி: தம்பி, வங்கிப் பக்கத்தில் வரவேற்பு வரி மாறியிருக்கிறது. போலியா?

வரி மாறியதால் மட்டும் போலி என்று சொல்ல முடியாது, ஐயா. வங்கிகளும் வாசகங்களை மாற்றுகின்றன. போலிப் பக்கம் செய்பவர்களோ உண்மையான பக்கத்தை எழுத்துப் பிசகாமல் நகலெடுக்கிறார்கள். எனவே வாசகத்தை விட்டுவிட்டு, மேலே உள்ள முகவரியைப் பாருங்கள். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பு வழியாக நுழையாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஏற்கெனவே கடவுச்சொல்லைக் கொடுத்துப் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்.