வைஃபை பாஸ்வேர்டை எடுத்துவிட்டால் இணைய வேகம் கூடுமா?

கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்களும் உங்கள் இணைப்பில் சேர்ந்துகொண்டால் குறையத்தான் செய்யும்.

100 எம்பிபிஎஸ் ஃபைபர், கேபிள் செருகினால் முழுசாக வருகிறது, லேப்டாப் வைஃபையில் மட்டும் 20 சொச்சம், ரவுட்டர் பழசு என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் பாஸ்வேர்டு மேல் இல்லை, அதன் பின்னால் தரவைப் பூட்டி அனுப்பும் குறியாக்க முறை மேல்தான்.

லேப்டாப்பில் வைஃபை பிராப்பர்ட்டீஸைத் திறந்து லிங்க் ஸ்பீடை (லேப்டாப்பும் ரவுட்டரும் தங்களுக்குள் பேசும் வேகம்) பாருங்கள். 54 என்று நிற்கிறதா? அப்படியானால் ரவுட்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் டபிள்யூஇபி (WEP) அல்லது டிகேஐபி (TKIP) என்ற பழைய குறியாக்க முறை தேர்வாகியிருக்க வாய்ப்பு அதிகம். 2009-இல் வந்த 802.11என் (802.11n) என்ற வைஃபை தரம் இந்த இரண்டோடும் அதிவேகத்தில் ஓட அனுமதிப்பதில்லை. ரவுட்டர் 300 எம்பிபிஎஸ் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும் அதற்கு முந்தைய 'ஜி' (802.11g) தரத்தின் வேகத்துக்கு இறங்கிவிடும். 54-இல் கைக்கு வருவது பாதிக்கும் குறைவு. உங்கள் 20 சொச்சம் அதுதான்.

டபிள்யூஇபி ஓட்டை என்பது 2001-லேயே அம்பலமானது. அதே பழைய கருவிகளை வைத்தே சமாளிக்க அவசரத்துக்குக் கட்டிய முட்டுதான் டிகேஐபி. இன்னும் சில ரவுட்டர்களின் மெனுவில் அது உட்கார்ந்திருப்பது எனக்கு எரிச்சல்.

பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 (WPA2), குறியாக்கம் ஏஇஎஸ் (AES) மட்டும் என்று மாற்றிச் சேமியுங்கள். இரண்டும் கலந்த 'டிகேஐபி+ஏஇஎஸ்' வேண்டாம். பழைய அமைப்பைச் சேமித்து வைத்திருக்கும் லேப்டாப் டிகேஐபியிலேயே போய் ஒட்டிக்கொள்ளலாம். லேப்டாப்பில் அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி இணையுங்கள். சித்தப்பா வீட்டில் இதை மட்டும்தான் செய்தேன், 54 என்றிருந்தது 144 ஆனது. பழைய பிரிண்டர் ஒன்று இணைய மறுத்தது, அதற்கு யுஎஸ்பி கேபிள் போட்டாயிற்று.

ஏஇஎஸ் வேகத்தைத் தின்னாதா என்றால், ஒரு பாக்கெட்டுக்குக் கூடுவது 16 பைட். 1500 பைட் பாக்கெட்டில் அது ஒரு சதவீத அளவு. கணக்குப் போடும் வேலையை வைஃபை சிப்பே பார்த்துக்கொள்ளும்.

ஏஇஎஸ் இருந்தும் 54 என்றால் ரவுட்டரில் டபிள்யூஎம்எம் (WMM, வீடியோ, குரல் போன்றவற்றுக்கு முன்னுரிமை தரும் வசதி) அணைந்திருக்கிறதா பாருங்கள். அது இல்லாமலும் 'என்' வேகம் வராது. லிங்க் ஸ்பீடு நன்றாக இருந்தும் இழுத்தால் சேனல் நெரிசல், அதாவது அக்கம்பக்கத்து வைஃபைகளும் அதே அலைவரிசையில் மோதுகின்றன. அடுக்குமாடி என்றால் சேனல் 1, 6, 11-இல் காலியானதைப் போட்டு, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள்.