அதே ஷேடு நம்பர், ஆனால் சுவரில் திட்டு

கேள்வி: குழாய்க் கசிவைச் சரிசெய்ய ஹால் சுவரில் இரண்டடி அகலத்துக்கு உடைத்துப் பூசினோம். ஐந்து வருடத்துக்கு முன் அடித்த அதே கம்பெனி, அதே ஷேடு நம்பர் சொல்லி வாங்கி அடித்தும் அந்த இடம் தனியாகத் தெரிகிறது. கடையில் தப்பாகக் கலந்துவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் டின்னில் தப்பிருக்காது. மாறியிருப்பது உங்கள் சுவர். வெயிலும் புகையும் தூசியும் பட்டு நிறம் இறங்கியிருக்கும். ஷேடு நம்பரோ அடித்த அன்றைய நிறத்தைத்தான் தரும்.

முதலில் இது நிறக் கோளாறுதானா என்று பாருங்கள். நேராக நின்றால் சேர்ந்தும், பக்கவாட்டில் டார்ச் அடித்தால் திட்டாகவும் தெரிந்தால் பிரச்சினை பளபளப்பில். புதுப் பட்டி பெயிண்ட்டை உறிஞ்சிவிடும். பிரைமர் இல்லாமல் அடித்தால் அந்த இடம் மட்டும் மங்கிப்போகும். 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஒரு கோட் பிரைமர், அது காய்ந்ததும் இரண்டு கோட் பெயிண்ட் கொடுங்கள். பழையது மேட் (பளபளப்பில்லாதது), புதியது சாட்டின் (லேசாகப் பளபளப்பது) என்றால் எத்தனை கோட் அடித்தாலும் சேராது. சிமென்ட் பூச்சு என்றால் ஏறக்குறைய 28 நாள் காயவிடாமல் எதையும் அடிக்காதீர்கள். ஈரத்தோடு அடித்தால் உப்புப் பூத்து, நிறமும் திட்டுத்திட்டாகும்.

நிறமே வேறு என்றால், கடைக்கு நம்பரைக் கொண்டுபோகாமல் சுவரையே கொண்டுபோங்கள். திட்டை ஒட்டிய இடத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, பிளேடால் 3 செ.மீ. சதுரம் கீறி, பட்டியோடு சேர்த்து உடையாமல் பெயர்த்தெடுங்கள். துடைக்காவிட்டால், கடையில் நிறத்தைப் படிக்கும் ஸ்கேனர் அழுக்கின் நிறத்தையும் சேர்த்துப் படிக்கும். சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் எடுக்க வேண்டாம்: அங்கே வெளிச்சமே படாததால் நிறம் மங்காமல் அப்படியே இருக்கும்.

கடையில் இருப்பதிலேயே சிறிய டின்னைக் கலக்கச் சொல்லுங்கள். வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஒரு ராத்திரி காயவிட்டுச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் கூடும். பகல் வெளிச்சத்திலும் பல்பு வெளிச்சத்திலும் பார்ப்பது அவசியம்; ஒன்றில் ஒத்துப்போவது இன்னொன்றில் பிசகும்.

எவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போனாலும் ஹால் சுவரின் நடுவில் ஒட்டுப்போடுவது எங்களுக்கு உடன்பாடில்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அந்த ஒரு சுவரை முழுக்க அடித்துவிடுங்கள். மூலையில் சுவர் திரும்பும்போது வெளிச்சமும் மாறுவதால் சிறு வித்தியாசம் கண்ணில் படாது. 4 மீட்டருக்கு 3 மீட்டர் சுவர் என்றால், லிட்டருக்கு ஒரு கோட் 10 முதல் 12 சதுர மீட்டர் என்ற கணக்கில், இரண்டு கோட்டுக்கு இரண்டரை லிட்டர் போதும். ரோலரில் அடித்த சுவருக்கு ரோலரே எடுங்கள். பிரஷ் கோடு தனியாகத் தெரியும். இரண்டு டின் வாங்கினால் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: கலந்த டின்னைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: நீங்கள் கேட்ட நிறத்தில் கலந்தது என்றால் பொதுவாக எடுக்க மாட்டார்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன்பே மூடியில் ஒட்டிய சீட்டைப் பில்லோடு ஒப்பிடுங்கள்: ஷேடு நம்பர், பேஸ் (நிறம் கலக்கும் அடிப்படைப் பெயிண்ட்), மேட்டா சாட்டினா. பேஸ் மாறினால் அதே நம்பரிலும் வேறு நிறம் வரும். சீட்டில் தப்பிருந்தால் அது கடையின் பொறுப்பு. சுவரில் அடித்துத் தீர்க்காமல் டின்னையும் பில்லையும் எடுத்துப்போய் மாற்றித் தரச் சொல்லுங்கள்.