ஐசிங் பூசிய ஓட்ஸ் குக்கீ: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, முதன்முறையாகச் செய்யப்போகிறேன். அளவு சொல்ல முடியுமா?

பதில்: இரண்டு டஜனுக்குச் சற்றுக் குறைவாக வரும் அளவு இது. ஓட்ஸ் 150 கிராம், மைதா 130, வெண்ணெய் 115, பிரவுன் சர்க்கரை 100, வெள்ளைச் சர்க்கரை 50, ஒரு முட்டை, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள், கால் தேக்கரண்டி உப்பு. உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேலே வரப்போவது முழுக்க இனிப்பு. 180 டிகிரிக்கு முன்னதாகவே சூடான ஓவனில் 10 முதல் 12 நிமிடம்.

கேள்வி: ஓட்ஸை அப்படியே போடலாமா, அரைக்க வேண்டுமா?

பதில்: மிக்ஸியில் இரண்டு மூன்று சுற்று, அவ்வளவுதான். பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் இருக்க வேண்டும். முழு ஓட்ஸ் போட்டால் மேற்புறம் கரடுமுரடாகி ஐசிங் திட்டுத்திட்டாக நிற்கும். நைசாக அரைத்தாலோ வெடிப்பே விழாது. இந்தக் குக்கீக்கு அழகே அந்த வெடிப்புதான். ஸ்டீல் கட் ஓட்ஸ் (தட்டையாக்காமல் துண்டுதுண்டாக நறுக்கியது) வேண்டாம், வேகாமல் பல்லில் கடிபடும்.

கேள்வி: என் குக்கீகள் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மைதாவைக் கூட்டட்டுமா?

பதில்: அவசரப்பட்டுக் கூட்டாதீர்கள். முதலில் வெண்ணெயைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளவென்று உருகி நிற்கக் கூடாது. பிசைந்த மாவை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெண்ணெயும் இறுகும். இன்னொன்று: ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு அதே தட்டில் அடுத்த ஈட்டை வைப்பவர்கள் நிறையப் பேர். உள்ளே போவதற்கு முன்பே வெண்ணெய் இளகத் தொடங்கினால் பரவாமல் என்ன செய்யும்? தட்டு ஆறட்டும்.

கேள்வி: ஆறியதும் கல்லாகிவிடுகிறதே?

பதில்: நடுப்பகுதி வெந்தபின் எடுக்கிறீர்கள். ஓரம் சிவந்து, நடு இன்னும் வேகாதது போலத் தெரியும்போதே எடுங்கள். சூடான தட்டில் ஐந்து நிமிடம் இருக்கட்டும், மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: முட்டை சேர்க்க மாட்டோம். மாற்று உண்டா?

பதில்: ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுச் சேருங்கள். குக்கீ கொஞ்சம் அடர்த்தியாக வரும், சுவை கெடாது.

கேள்வி: ஐசிங் கண்ணாடி போல உள்ளே இறங்கிவிடுகிறது. கடையில் வாங்குவது போல வெள்ளையாக, வெடிப்பு தெரிய எப்படிப் பூசுவது?

பதில்: இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். பூசவே கூடாது, தொட்டு எடுக்க வேண்டும். 120 கிராம் ஐசிங் சர்க்கரையைச் சலித்து, ஒரு மேசைக்கரண்டி பாலில் தொடங்குங்கள். பிறகு அரைத் தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டியாகத்தான் சேர்க்க வேண்டும். நாலு சொட்டுக் கூடினாலே தண்ணீராகிவிடும். கரண்டியைத் தூக்கினால் பட்டையாக விழுந்து, ஏழெட்டு நொடி மேலே கோடாக நிற்பதுதான் பதம். குக்கீ முழுதாக ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பு இருந்தாலும் ஐசிங் இளகி ஊறிவிடும். குக்கீயைத் தலைகீழாகப் பிடித்து, மேடான பகுதி மட்டும் படும்படி தொட்டு, அழுத்தாமல் தூக்குங்கள். சொட்டுவது நின்றதும் திருப்பிக் கம்பி வலைமேல் வையுங்கள். பள்ளங்கள் பழுப்பாகவும் மேடுகள் வெள்ளையாகவும் நிற்கும். கரண்டியால் தேய்ப்பவர்களுக்கு இது ஒருநாளும் வராது.

கேள்வி: எவ்வளவு நேரத்தில் காயும்? குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சீக்கிரம் இறுகுமா?

பதில்: ஒன்றிரண்டு மணி நேரம்; மழை நாளில் இன்னும் கூடும். பெட்டியில் வைத்தால் வெளியே எடுத்ததும் மேலே ஈரம் பூத்துப் பிசுபிசுக்கும். அறையிலேயே திறந்து வையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் இடையில் பட்டர் பேப்பர் போட்டு டப்பாவில் அடுக்கினால் மூன்று நான்கு நாள் தாங்கும்.

கேள்வி: விருந்துக்கு ஒரு வாரம் முன்பே செய்து வைக்கலாமா?

பதில்: மாவை உருண்டைகளாக்கி உறையவைத்துவிடுங்கள். விருந்துக்கு முந்தைய நாள் உறைந்தபடியே ஓவனில் வைத்து, ஓரிரு நிமிடம் கூடுதலாக விடுங்கள். ஐசிங்கை அன்றைக்குத்தான் கலக்க வேண்டும்.