விண்வெளி கேள்வி–பதில்: அன்ட்ரோமீடாவின் திணிவு

கேள்வி (ஒரு வாசகி, அப்புத்தளை): சுருள் விண்மீன் திரளின் சுழற்சியை ரேடியோ அலையில் அளந்து திணிவைக் கணிக்கிறார்களாமே? உயர்தரப் பௌதிகவியல் அறிவோடு விளங்கும்படி ஒரு கணக்குச் செய்து காட்டுவீர்களா?

பதில்: நமக்கு அருகிலுள்ள பெரிய சுருள் திரளான அன்ட்ரோமீடாவையே எடுப்போம். நடுநிலை ஐதரசன் வாயு 1420.406 மெகாஹேர்ட்ஸில், அதாவது சுமார் 21 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் உமிழ்கிறது. 1951இல் ஹார்வர்டில் இவெனும் பர்செலும் முதலில் பிடித்த கோடு. வாயு நம்மை நோக்கி வந்தால் மீடிறன் கூடும், விலகினால் குறையும். செக்கனுக்கு 1 கிலோமீற்றர் என்றால் 4.74 கிலோஹேர்ட்ஸ்.

அன்ட்ரோமீடா மொத்தமாகவே செக்கனுக்கு 300 கி.மீ. வேகத்தில் நம் பக்கம் வருகிறது. ஆகவே கோட்டின் நடு 1421.83 மெகாஹேர்ட்ஸில் நிற்கும். தென்மேற்கு விளிம்பு ஏறக்குறைய 1422.87, வடகிழக்கு 1420.79. இடைவெளியில் பாதி 1.04 மெகாஹேர்ட்ஸ், வேகத்தில் 219 கி.மீ. தட்டு 77 பாகை சாய்ந்திருப்பதால் சைன் 77ஆல் (0.974) வகுக்க, சுழற்சி வேகம் 225.

இனி திணிவு = v²r/G (v சுழற்சி வேகம், r மையத்திலிருந்து தூரம், G ஈர்ப்பு மாறிலி). வேகம் கி.மீ./செக்கனிலும் தூரம் கிலோபார்செக்கிலும் (ஒன்று சுமார் 3,260 ஒளியாண்டு) இருந்தால் Gக்கு 0.0000043 போடுங்கள், விடை சூரியத் திணிவில் வரும். 30 கிலோபார்செக் வரை இதே வேகம் என்று கொண்டால் 35,000 கோடி சூரியன்கள். அந்தத் தூரத்துக்கு உட்பட்டது மட்டுமே அது. சுவாரசியம் வேறிடத்தில்: தெரிகிற விண்மீன்களும் வாயுவும் மட்டும் என்றால் 10 கிலோபார்செக்கில் 225ஆக இருந்த வேகம் 30இல் 130 அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பு மட்டும் காட்டும் கரும்பொருள் பற்றிய பேச்சுக்கு வலு சேர்ந்தது இப்படித்தான்.

பிழை பெரும்பாலும் சாய்வில்தான் நுழையும். 30 பாகை சாய்ந்த திரளை 35 என்று எடுத்தால் திணிவில் கால்வாசி காணாமற் போகும். நேருக்கு நேர் முகம் காட்டும் திரள்களை இதற்கு எடுப்பதே வீண். அன்ட்ரோமீடாவில் இன்னொரு தொல்லை: வடகிழக்கு விளிம்பின் மீடிறனுக்குப் பக்கத்திலேயே நமது பால்வீதி வாயுவும் நிற்பதால் இரண்டும் கலந்துவிடும்.

கேள்வி (ஒரு மாணவர், தலவாக்கலை): எங்கள் பாடசாலையில் இதைச் செய்யலாமா? இங்கே எந்நேரமும் மூடுபனி.

பதில்: மூடுபனி 21 சென்ரிமீற்றர் அலையைத் தடுக்காது. அன்ட்ரோமீடா சிறு அன்டெனாவுக்கு எட்டாது, பால்வீதியை அளக்கலாம். காட்போட்டில் அலுமினியத் தாள் ஒட்டி, வாய் 75 செ.மீ. வரும் கொம்பு அன்டெனா செய்யுங்கள். தாளின் மூட்டுகள் ஒன்றையொன்று தொட்டு மின் கடத்த வேண்டும். கொம்பின் கழுத்துப் பெட்டி 16.5 செ.மீ. அகலமென்றால், உள்ளே நிற்கும் கம்பி சுமார் 5 செ.மீ. நீளம், பின்சுவரிலிருந்து 6.9 செ.மீ. தூரம். இங்கேதான் பலர் 21இன் கால்வாசியான 5.3 என்று போட்டுக் கெடுக்கிறார்கள்: பெட்டிக்குள் அலை நீண்டுவிடும்.

பீதுருதாலகாலைக் கோபுரமும் கைப்பேசிக் கோபுரங்களும் பெருக்கியைத் திணறடிக்கும். ஆகவே 1420க்கான வடிகட்டியோடு வரும் பெருக்கியையே வாங்குங்கள். மலைச்சரிவு அன்டெனா பார்க்கும் கற்றைக்குள் விழாமல் உயரமாகப் பாருங்கள், மண்ணும் தேயிலையும் 290 கெல்வின் இரைச்சல் தரும்.

பால்வீதி நெட்டாங்கு (பால்வீதித் தளத்தில் அதன் மையத் திசையிலிருந்து அளக்கும் கோணம்) 30 பாகையில் விலகும் உச்ச வேகம் 110 எனக் கிடைத்தால், 220 × சைன் 30ஐக் கூட்டுங்கள் (அந்த 220 சூரியன் மையத்தைச் சுற்றும் வேகம்): அங்குள்ள வாயுவின் வேகம் 220. மையத்திலிருந்து அதன் தூரம் 8.5 (சூரியனின் தூரம்) × சைன் 30, அதாவது 4.25 கிலோபார்செக். அதற்கு முன் பூமியின் ஓட்டத்தைக் கழித்துவிடுங்கள். அது மட்டுமே 30 கி.மீ. வரை வரும். மலிவான யூஎஸ்பி ரிசீவரின் கடிகாரம் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால் மேலும் 15 கி.மீ. போய்விடும்.