பரணில் கிடக்கும் பழைய பேட்டரிக் கட்டைகள்: மருத்துவர் பதில்

கேள்வி: திருநெல்வேலி சிந்துபூந்துறையில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக அடுக்களைப் பரணை ஒழித்தபோது, என் கணவர் காலத்திலிருந்து சேர்ந்துவிட்ட பேட்டரிக் கட்டைகள் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடைத்தன. டார்ச் லைட் கட்டைகள் பலவும் ஒழுகி, வெள்ளையாகப் பூத்திருந்தன. அவற்றைக் கையால் அள்ளியதில் விரலிடுக்கில் இரண்டு நாள் எரிச்சல் இருந்தது. அதே டின்னில் கைக்கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற சிறிய வட்டப் பேட்டரிகளும் இருந்தன. விடுமுறைக்கு வந்திருக்கும் இரண்டரை வயதுப் பேத்தி அதில் ஒன்றை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்; உடனே வாங்கி வைத்துவிட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்துபோன இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. இவற்றால் புற்றுநோய் வருமா? குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா? இவற்றை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

பதில்: அம்மா, ஒழுகிய கட்டைகளைப் பற்றிய கவலைதான் உங்கள் கடிதத்தில் முன்னால் நிற்கிறது. பேத்தி கையில் எடுத்த வட்டப் பேட்டரி, வாங்கி வைத்ததோடு முடிந்துபோன விஷயமாகக் கடந்துபோகிறது. கடிதத்தைப் படித்த எனக்கோ அந்த ஒரு வரியில்தான் நெஞ்சு பதறியது. அந்த டின்னில் இருந்தவற்றுள் உயிருக்கு ஆபத்தானது, ஒழுகாமல், துருப்பிடிக்காமல், புதுக் காசு போல மினுமினுத்துக்கொண்டிருந்த அந்தச் சிறிய பொருள்தான். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால், முதலில் உங்கள் கை எரிச்சலைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

டார்ச் லைட்டுக்குப் போடும் சாதாரணக் கட்டையின் வெளிக்கூடு துத்தநாகத்தால் ஆனது. அதற்குள் மாங்கனீசு டை ஆக்சைடு என்னும் கருப்புப் பொடியும், நவச்சாரமோ துத்தநாகக் குளோரைடோ கலந்த ஈரப்பசையும் இருக்கும். கட்டை தீரத் தீரத் துத்தநாகக் கூடு அரிக்கப்பட்டு ஓட்டை விழுவதால்தான் அது ஒழுகுகிறது. ஆல்கலைன் என்று அச்சிட்ட கட்டைகளில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரம். அது வெளியே கசிந்து காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேரும்போது வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது. ஈரக்கையால் தொட்டால் சவுக்காரம் போல வழுவழுவென்று இருக்கும். அந்த வழுவழுப்பு, தோலின் மேலுள்ள கொழுப்பைக் காரம் கரைத்துக்கொண்டிருப்பதன் அடையாளம். உங்களுக்கு எரிச்சல் இரண்டு நாளில் அடங்கிவிட்டது, கொப்புளமோ புண்ணோ இல்லை என்றால், அதனால் உடலுக்குள் எதுவும் தங்கியிருக்காது. இனி அள்ளும்போது கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் இது சிறிய விஷயமன்று. குறைந்தது இருபது நிமிடம் இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். நம் பக்கத்தில் வழக்கமாகச் செய்கிற மாதிரி தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடக் கூடாது.

அந்தக் கருப்புப் பொடியை என் தலைமுறையினர் பலர் பள்ளிக்கூடத்திலேயே அறிவோம். கட்டையைக் கல்லால் உடைத்து, பொடியை ஊமத்தை இலையோடு சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசியிருக்கிறோம். நடுவிலிருந்த கரித்தண்டுக்காகச் சண்டையும் போட்டிருக்கிறோம். ஆண்டுக்கணக்கில் மாங்கனீசுத் தூசியைச் சுவாசிக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு, பார்க்கின்சன் நோயைப் போல உடல் விறைத்து நடை தளரும் நோய் வருவதுண்டு. ஒருமுறை இருமுறை தொட்டவர்களுக்கு அது வராது. புற்றுநோய் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதே பதில்தான். பழைய ரீசார்ஜ் பேட்டரிகள் சிலவற்றில் இருக்கும் காட்மியம், அதன் தூசியையும் புகையையும் தொழிலிடத்தில் நெடுங்காலம் சுவாசிப்பவர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதே. ஆனால் மூடிய கட்டையைத் தொட்டதனால் உங்களுக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை.

இனி வட்டப் பேட்டரிக்கு வருகிறேன். கடைக்காரர்கள் பட்டன் செல் என்றும் வாட்ச் செல் என்றும் சொல்கிறார்கள். அதில் ரிமோட்டுகளிலும், எடை பார்க்கும் கருவிகளிலும், மின்மினி போல ஒளிரும் பொம்மைகளிலும், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகளிலும் காணப்படும் லித்தியம் வகைதான் மிக மோசமானது. சி.ஆர். 2032 என்று அதன் முதுகில் பொறித்திருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு அது. அங்கே சிக்கியதும், நச்சு கசிவதற்கு முன்பே, ஈரமான சதை வழியாக மின்னோட்டம் பாயத் தொடங்குகிறது. பேட்டரியின் எதிர்மின்முனை தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் காரம் உற்பத்தியாகி, உணவுக்குழாயின் சுவரை வெந்து கரையச் செய்கிறது. இரண்டு மணி நேரத்திற்குள் கடுமையான புண் ஏற்பட்டுவிடக்கூடும். ரிமோட்டை இயக்கும் வலு தீர்ந்துவிட்டது என்று நாம் கழற்றி வைத்த பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். ஆகவே பழையதுதானே என்று ஆறுதல் கொள்ள வழியில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, எச்சில் வடித்துக்கொண்டு, பால் குடிக்க மறுத்த ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். முதலில் பார்த்த இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, காசு விழுங்கியிருக்கிறது, தானாகப் போய்விடும், வாழைப்பழம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் படத்தை விளக்குப் பெட்டியின் முன் பிடித்துப் பார்த்த எங்கள் மூத்த மருத்துவர், வட்டத்தின் ஓரத்தை விரலால் சுற்றிக் காட்டினார். விளிம்புக்குச் சற்று உள்ளே மெல்லிய இரண்டாவது வளையம் ஒன்று தெரிந்தது. காசுக்கு ஒரே விளிம்பு. பட்டன் செல்லுக்கு இரட்டை விளிம்பு. எண்டோஸ்கோப்பி மூலம், அதாவது வாய் வழியாகக் குழாய்க் கருவியை விட்டு, எடுத்தபோது பேட்டரியைச் சுற்றிச் சதை கருகியிருந்தது. அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது, ஆனால் உணவுக்குழாய் சுருங்கிப்போனதால் அதை விரிவாக்குவதற்காகப் பல முறை மருத்துவமனைக்கு வர வேண்டியதாயிற்று. பேட்டரியை எடுத்த பின்னும் புண் ஆழமாகிக்கொண்டே போய், சில வாரங்கள் கழித்து அருகிலுள்ள பெரிய இரத்தக்குழாய் உடைந்து இறந்த குழந்தைகளும் உலகெங்கும் உண்டு.

விழுங்குவதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எச்சில் வடிதல், சாப்பிட மறுத்தல், இருமல், மூச்சில் இரைச்சல், மார்பைப் பிடித்துக்கொண்டு அழுதல் ஆகியவையே தெரியும். சளி என்று நினைத்து ஏமாந்துபோவது எளிது. பேட்டரியோ அதன் உறையோ காணாமல் போயிருந்து, குழந்தையிடம் இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், சந்தேகமே போதும். எக்ஸ்ரே எடுக்கும் வசதியும் குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி செய்யும் வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே புறப்பட வேண்டும். உங்களுக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரமில்லை. மீன்முள் சிக்கினால் செய்வது போலச் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்க வைக்கக் கூடாது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வீட்டில் தேன் இருந்தால், குழந்தைக்கு ஒரு வயது நிறைந்து, விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி வீதம், ஆறு முறை வரை கொடுக்கலாம். அமெரிக்காவின் நேஷனல் கேப்பிட்டல் பாய்சன் சென்டர் என்னும் நச்சு ஆலோசனை மையம் வகுத்திருக்கும் வழிமுறை இது. விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்திற்குள்தான் இது பொருந்தும். தேன் உணவுக்குழாயின் சுவரை ஒரு படலமாக மூடிக் காரத்தின் வேகத்தைத் தணிக்கிறதே தவிர, சிகிச்சை அன்று. தேன் வாங்கக் கடைக்கு ஓடி நேரத்தை இழக்க வேண்டாம். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்தோ எண்ணெயோ விட்டால் ஈரம் சேர்ந்து புண் இன்னும் விரைவாகும்.

உங்கள் பேத்தி கையில் மட்டும் வைத்திருந்தாள், வாங்கிவிட்டீர்கள், இப்போது வழக்கம் போலச் சாப்பிட்டு விளையாடுகிறாள் என்றால் அவளுக்கு இரத்தப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் டின்னில் முதலில் எத்தனை வட்டப் பேட்டரிகள் இருந்தன என்பது உங்களுக்கே உறுதியாகத் தெரியாத நிலையில், அவள் ஒரு வேளை உணவை மறுத்தாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

மாடிப்படிக்குக் கீழே இருப்பது வேறு வகை ஆபத்து. இன்வெர்ட்டர் பேட்டரியில் காரீயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும் இருக்கின்றன. இங்கே ஒரு சொல் மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ஈயச் சொம்பில் ரசம் வைத்துப் பழகிய நம் வீடுகளில் ஈயம் என்றாலே பயப்பட வேண்டியதில்லை என்ற எண்ணம் இருக்கிறது. அந்தச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். காரீயம் குழந்தையின் வளரும் மூளையைப் பாதிக்கிறது, இரத்தசோகையையும் வயிற்று வலியையும் உண்டாக்குகிறது, பாதுகாப்பான அளவு என்று அதற்கு ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், டாக்கார் நகரை ஒட்டிய ஒரு குடியிருப்பில், வண்டி பேட்டரிகளை உடைத்துக் காரீயத்தைப் பிரித்தெடுத்த இடத்தில் 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள்.  காரீயத் தூசி படிந்த மணலில் விளையாடிய சிறுவர்கள்.

உங்கள் பேட்டரியின் உறை உடையாமல் இருக்கும்வரை காரீயம் வெளியே வராது. முனைகளில் நீலமும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கையுறை மாட்டிக்கொண்டு, ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியே கட்டி வையுங்கள். வெள்ளத்தில் நனைந்ததை மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கும் சோதனை வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் ஒரு பொறியில் வெடிக்கும். புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். வாசலுக்கு வருகிற பழைய இரும்பு வியாபாரி கூடுதலாக நூறு ரூபாய் தந்தாலும் கொடுக்க வேண்டாம். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து அது எங்கே போகிறது, யார் வீட்டு முற்றத்தில் அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி மீன்வலைக்குக் காரீயக் குண்டு வார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. அந்தப் புகையைச் சுவாசிக்கும் வீட்டுக் குழந்தைகளுக்குத்தான் நீங்கள் கேட்ட இரத்தப் பரிசோதனை உண்மையில் தேவை.

மற்றவற்றை என்ன செய்வது என்று கேட்டீர்கள். ஆற்றங்கரையில் இருக்கிறீர்கள், தாமிரபரணியிலோ வாய்க்காலிலோ எறிய மாட்டீர்கள் என்று தெரியும். குப்பையோடு கலந்து போட்டால் அது ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்குக்குப் போகும். குப்பை தீப்பிடித்தால் கட்டைகள் வெடிக்கும், உலோகம் புகையாகும். வீட்டுக் கொல்லையில் எரிப்பதும் அதே காரணத்தால் தவறு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே பழைய பேட்டரிகளை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்தன. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், எல்லா வகைப் பேட்டரிகளையும் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கின்றன. மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கும் பொறுப்பு நம்முடையது. தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கும்போது, உள்ளே பேட்டரி இருக்கிறது என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். வெறுங்கையால் பிரித்தெடுக்கிறவர் அவர்தான்.

கொடுக்கும்வரை வைத்திருக்க அந்த பிஸ்கட் டின் உகந்ததன்று. தகரத்தில் முனைகள் உரசினால் மின்சுற்று ஏற்பட்டுச் சூடேறும். சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே உள்ள பரணும் கொதிக்கும். திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, தரையோரம் இல்லாமல், பூட்டிய அலமாரியில் நிழலான இடத்தில் வையுங்கள். செல்போன் பேட்டரி ஏதேனும் உப்பியிருந்தால் அதை மட்டும் ஊசியால் குத்தாமல், மணல் நிரப்பிய மண்சட்டியில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். வட்டப் பேட்டரிகள் ஒவ்வொன்றையும் இரு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, எண்ணிக்கையை டப்பா மேல் எழுதி வையுங்கள். அதை முடித்துவிட்டு, பேத்தி தூங்கும் நேரத்தில் வீட்டிலுள்ள ரிமோட்டுகளையும் அவள் பொம்மைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத எதையும் அவள் ஊருக்குப் போகும்வரை அந்த அலமாரியிலேயே சேர்த்துப் பூட்டி வையுங்கள்.